பனங்கட்டிப் பாகில் விளைமீன், பக்கத்தில் வதக்கிய மரக்கறி

பாகு பூசிய மீன் கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். மீனையும் இனிப்பையும் ஒன்றாக ஊறவைத்து, ஒன்றாகவே தாச்சியில் போட்டுவிடுகிறார்கள். இரண்டு சென்ரிமீற்றர் மொத்தமான துண்டின் நடு வேக ஆறேழு நிமிடம் வேண்டும். பனங்கட்டி கருக அவ்வளவு நேரம் தேவையில்லை. வெளியே கறுத்து, உள்ளே நடுமுள்ளோடு பச்சையாக ஒட்டிக்கொண்டிருக்கும் துண்டு இப்படித்தான் வருகிறது. ஆகவே இங்கே மீன் தனியே பொரியும், பாகு தனியே வற்றும். இரண்டும் சேர்வது கடைசி இரண்டு நிமிடத்தில்.

கீழே உள்ள அளவு நான்கு பேருக்கு. இரண்டு அடுப்பு இருந்தால், சோறு நீங்கலாக 50 நிமிடத்தில் முடியும். சோற்றை முதலே ஏற்றிவிடுங்கள். சிவப்பரிசியென்றால் அதற்கே அரை மணிக்கு மேல் போகும்.

மீன் வாங்கும்போது

இந்தச் சமையலுக்கு விளைமீன்தான் எங்கள் முதல் தெரிவு. சதை வெள்ளை, இறுக்கம் நல்லது, பொரித்தாலும் உதிராது, தனக்கென்று பெரிய வாடையும் இல்லை. பாகின் புளிப்பும் உறைப்பும் அதன்மேல் தெளிவாகத் தெரியும். பாரையும் சரிவரும். ஆனால் நடுவில் ஓடும் கருஞ்சதையின் சுவை கொஞ்சம் தூக்கலாக இருக்கும். அறக்குளா வெட்ட அழகு, முள்ளும் குறைவு, விலைதான் கை கடிக்கும். கொழுப்புக் குறைந்த சதை என்பதால் ஒரு நிமிடம் கூடினாலே காய்ந்துபோகும். கொடுவா கிடைத்தால் தோலோடு வாங்குங்கள். சூடை, கீரி, ஓரா, ஒட்டி எல்லாம் சொதிக்கும் கூழுக்கும் பொரியலுக்கும் பிறந்தவை. அவற்றின்மேல் பாகு ஊற்றினால் முள் எடுக்கும்போது விரலெல்லாம் பிசுக்குத்தான் மிஞ்சும்.

முழு மீனாக வாங்கினால் 1¼ கிலோ அளவில் ஒன்று. தலை, குடல், செதில், செட்டை போக ஏறத்தாழ 700 கிராம் துண்டு தேறும். துண்டாகவே வாங்கினால் 600 முதல் 700 கிராம். யாழ்ப்பாணத்தில் பாசையூரிலோ குருநகரிலோ சின்னக்கடையிலோ மீன் வெட்டுபவரிடம் வாய்திறந்து சொல்லாவிட்டால் கறிக்கு வெட்டுவதுபோல் வெட்டித் தந்துவிடுவார். அது ஒன்று தடித்தும் ஒன்று மெலிந்தும் இருக்கும், குழம்பில் தெரியாது, இங்கே தெரியும். “அண்ணை, பொரிக்கத்தான், எல்லாத் துண்டும் ஒரே மொத்தமாய் வட்டமாய் வெட்டித் தாங்கோ, தலையைத் தனியாய்க் கட்டுங்கோ” என்று முதலே சொல்லிவிடுங்கள். ஒரே மொத்தம் என்பது சும்மா வடிவுக்காக இல்லை. தாச்சியில் நான்கு துண்டும் ஒரே நேரத்தில் வேகவேண்டும்.

பழுது பார்ப்பதற்குக் கண்ணை மட்டும் நம்பவேண்டாம். ஐஸில் கிடந்த மீனின் கண் மங்கித்தான் இருக்கும். பூவை (செவுளை)த் தூக்கிப் பாருங்கள்: சிவப்பாக, ஈரமாக, கடல் மணத்தோடு இருக்கவேண்டும். மண்ணிறமாகிச் சளிபோல் இழுத்தால் விட்டுவிடுங்கள். வயிற்றில் விரலால் அமத்தினால் குழி உடனே மேலே வரவேண்டும். வெட்டி வைத்த துண்டென்றால் சதை நடுமுள்ளைவிட்டுப் பிரிந்திருக்கிறதா என்று பாருங்கள். பச்சையாகவே பிரிந்திருந்தால் அது பழைய மீன்.

சூரை, அறக்குளா, கும்பிளா போன்றவற்றில் இன்னொரு கவனம் வேண்டும். இவை ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் உண்டாகும். அது வேகவைத்தாலும் பொரித்தாலும் அழியாது. தின்ற கொஞ்ச நேரத்தில் முகம் சிவத்தல், உடம்பு அரிப்பு, தலையிடி வரும். மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டில் சொல்வதில் ஒரு பங்கு இதுதான். சந்தையில் இருந்து வீடு தூரமென்றால் ஒரு பையில் ஐஸும் கொண்டுபோங்கள், வந்தவுடன் பிரிட்ஜில் வையுங்கள்.

வெள்ளிக்கிழமை மச்சம் சமைக்காத வீடுகள் இங்கே நிறைய. அதனால் சனிக்கிழமை காலையில் சந்தையில் நெருக்கடியும் விலையும் சேர்ந்தே ஏறும். அவசரமில்லை என்றால் வாரநாளில் போவது நல்லது. ஐப்பசி முதல் மார்கழி வரை மழையும் காற்றுமாகக் கடல் கொந்தளிக்கும் நாட்களில் விளைமீனைத் தேடி அலையாமல் அன்றைக்கு வந்த நல்ல மீன் எதுவோ அதை வாங்குங்கள்.

கழுவி உப்பிடல்

வெட்டுபவர் கழுவித் தந்தாலும் நடுமுள்ளோடு ஒட்டிய கறுத்த இரத்தம் அப்படியே இருக்கும். ஓடும் தண்ணீரில் பெருவிரல் நகத்தால் அதைச் சுரண்டி எடுங்கள். வயிற்றுப் பக்கத்தில் கறுப்புச் சவ்வு இருந்தால் அதையும் உரித்துவிடுங்கள். வெடுக்கு வாடையின் பெரும்பகுதி இந்த இரண்டிலும்தான் இருக்கிறது. இவற்றை விட்டுவிட்டு எவ்வளவு மஞ்சளும் தேசிக்காயும் தேய்த்தாலும் வாடை பாகுக்குள்ளால் எழும்பி வரும். தண்ணீரில் ஊறவிடாதீர்கள். கழுவியதும் வடித்து, சுத்தமான பழைய பருத்தித் துணியால் ஒவ்வொரு துண்டையும் ஒற்றி எடுங்கள்.

பிறகு 600 கிராமுக்கு மட்டமாக ஒரு தேக்கரண்டி உப்பு, கால் தேக்கரண்டி மஞ்சள், அரைத் தேக்கரண்டி மிளகுத்தூள். இரண்டு பக்கமும் தடவி 15 நிமிடம் வையுங்கள். உப்பு மேற்புறத் தண்ணீரை இழுத்து வெளியே விடும், சதையும் இறுகும். அரை மணியைத் தாண்டினால் மேல்பகுதி கருவாட்டுக் குணம் காட்டத் தொடங்கும். இந்தக் கட்டத்தில் தேசிக்காய்ப் புளி வேண்டாம். புளி பட்ட சதை மேலால் வெளுத்து மாப்போல் உதிரும், பிறகு தாச்சியில் ஒட்டும். தேசிக்காய்க்கு இடம் கடைசியில் இருக்கிறது.

பாகு

இதற்கு வேண்டியவை: பனங்கட்டி 75 கிராம், பழப்புளி ஒரு சிறிய தேசிக்காய் அளவு (ஏறத்தாழ 25 கிராம்), செத்தல் மிளகாயை உரலில் ஒன்றிரண்டாக இடித்தது ஒன்றரைத் தேக்கரண்டி, உள்ளி 4 பல், பெருவிரல் நுனியளவு இஞ்சி, மிளகு அரைத் தேக்கரண்டி, எண்ணெய் ஒரு தேக்கரண்டி, கடைசியில் ஒரு தேக்கரண்டி தேசிக்காய்ச் சாறு.

பனங்கட்டியைக் குட்டான் (சிறு ஓலைப்பெட்டி) கணக்கில் போடாதீர்கள், குட்டான் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. தராசு இல்லையென்றால் பொடித்து, மேசைக்கரண்டியில் தலைதட்டி ஐந்து அல்லது ஆறு. சந்தையில் சீனி கலந்த பனங்கட்டியும் வரும். சிறு துண்டை நாக்கில் வைத்தால் தெரியும்: நல்லதில் இனிப்புக்குப் பின்னால் மெல்லிய உப்புக்கரிப்பு ஒன்று வரும், கலந்ததில் வெறும் இனிப்பு மட்டும். அந்தக் கரிப்புக்காகத்தான் இங்கே சீனி போடாமல் பனங்கட்டி போடுவது. மீனோடு அது நன்றாகப் பொருந்தும்.

பனங்கட்டியை உடைத்து கால் கப் சுடுதண்ணீரில் கரைத்து வடிகட்டுங்கள். வடிகட்டாமல் விடவேண்டாம். பனையிலிருந்து இறக்கும் கருப்பணி புளிக்காமல் இருக்க முட்டிக்குள் சுண்ணாம்பு தடவுவார்கள், அதன் மிச்சமும் மண்ணும் ஓலைத்தும்பும் அடியில் தங்கும். பழப்புளியை அரைக் கப்புக்குச் சற்றுக் குறைவான இளஞ்சூட்டுத் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவிட்டுப் பிழிந்து, அதையும் வடித்து வையுங்கள். புளியில் உப்புப் போட்டு அடைத்து வைப்பது எங்கள் வீட்டு வழக்கம், கடைப்புளியிலும் உப்பு இருக்கும். அதனால் கரைத்த புளியை நக்கிப் பார்க்காமல் பாகுக்கு உப்புப் போடாதீர்கள். பெரும்பாலும் தேவைப்படாது.

பாகு காய்ச்சச் சிறிய சில்வர் சட்டியோ மண்சட்டியோ எடுங்கள். அலுமினியத்திலும் வெறும் இரும்பிலும் புளி வற்றினால் உலோகச் சுவை ஏறிவிடும். எண்ணெய் சூடானதும் உள்ளியை நன்றாகக் கொத்திப் போட்டு, நிறம் மாறும் முன்பே, அதாவது அரை நிமிடத்துக்குள், இடித்த மிளகாயைப் போட்டு ஒரு தரம் பிரட்டி உடனே புளித்தண்ணீரை ஊற்றுங்கள். மிளகாய் எண்ணெயில் நின்றால் கமறும், அயல்வீடுவரை இருமல் கேட்கும். அதன்பின் பனங்கட்டிக் கரைசல், மிளகு. இஞ்சியைத் துருவிப் பிழிந்து சாற்றை மட்டும் விடுங்கள். நார் பாகில் மிதந்தால் மினுக்கம் போய்விடும்.

நடுத்தர நெருப்பில் மூடாமல் ஆறு முதல் எட்டு நிமிடம் வற்றவேண்டும். முதலில் நுரை சின்னச் சின்னதாக, சத்தத்தோடு எழும்பும். தண்ணீர் போகப்போக நுரை பெரிதாகி மெதுவாக உடையும், சத்தமும் தணியும். அந்த நேரத்தில் அடுப்பை விட்டு நகராதீர்கள். பதம் பார்க்க, குளிர்ந்த சில்வர் தட்டில் ஒரு சொட்டு விட்டு, அரை நிமிடம் ஆறவிட்டு விரலால் நடுவில் ஒரு கோடு இழுங்கள். கோடு இரண்டு மூன்று விநாடி நின்று, பிறகு மெல்ல மூடிக்கொண்டால் சரி. இழுத்தவுடன் மூடினால் இன்னும் தண்ணீர். விரலிடையில் நூல்போல் இழுபட்டால் கம்பிப்பதத்துக்குப் போய்விட்டது. எள்ளுருண்டைக்கு அது நல்லது, மீனுக்குக் கூடாது. ஒரு மேசைக்கரண்டி சுடுதண்ணீர் விட்டு இளக்கிக்கொள்ளலாம்.

சூட்டில் பாகு எப்போதும் தண்ணிபோலத்தான் தோன்றும், ஆறினால் இறுகும். புதிதாகச் செய்பவர்கள் சட்டியைப் பார்த்துக்கொண்டே “இன்னும் கெட்டியாகவில்லை” என்று காய்ச்சிக் கசக்கவைப்பது இதனால்தான். சட்டியை நம்பாமல் தட்டை நம்புங்கள். முடிவில் ஆறு மேசைக்கரண்டிக்குக் கிட்டத்தட்ட வரும்.

யாழ்ப்பாணத்து வறுத்த தூளைப் பாகில் போடலாமா என்று கேட்பார்கள். வேண்டாம் என்பதே எங்கள் பேச்சு. மல்லியும் பெருஞ்சீரகமும் வறுத்து அரைத்த தூள் பாகைக் கலக்கிச் சேறாக்கும், வற்றும்போது கசப்பும் ஏறும். விடமுடியாதென்றால் அரைத் தேக்கரண்டியோடு நிறுத்துங்கள், அதையும் மீனில் உப்போடு தடவுங்கள்.

பனங்கட்டி கிடைக்காத ஊரில் கித்துள் கட்டி அடுத்த தெரிவு. கித்துள் பாணியென்றால் ஐந்து மேசைக்கரண்டி, கரைக்கும் தண்ணீர் தேவையில்லை. கரும்புச் சர்க்கரையும் போடலாம், ஒரு சிட்டிகை உப்பைக் கூட்டிக்கொள்ளுங்கள். வெள்ளைச் சீனி போட்டால் மினுக்கம் வரும், சுவை வராது.

மரக்கறி

பாகு இனிப்பும் புளிப்பும் உறைப்புமாக இருக்கிறது. பக்கத்தில் வருவது அதோடு போட்டிபோடக்கூடாது. அதனால் தேங்காய்ப்பூப் போட்டு வறையாக்காமல், அரைவாசி அவித்து எண்ணெயில் ஒரு தரம் பிரட்டினால் போதும்.

கரட் 200 கிராம், பயிற்றங்காய் 200 கிராம், பூசணி தோலோடு 250 கிராம், சின்ன வெங்காயம் 12, கறிமிளகாய் 4. வெங்காயம் வலிகாமத்துச் செம்மண்ணில் விளைந்த சிவப்பு வெங்காயமாக இருந்தால் முழுதாகவே போடலாம், வதங்கும்போது அதுவே இனிக்கும். கரட்டைச் சின்னவிரல் மொத்தத்தில் நீளமாக, பயிற்றங்காயை இரண்டு அங்குலமாக, பூசணியை இரண்டு சென்ரிமீற்றர்க் கட்டியாக வெட்டுங்கள். பூசணித் தோலைச் சீவினால் கரைந்து களியாகிவிடும். பயிற்றங்காய் வளைத்தால் முறியவேண்டும், விதை புடைத்து வெளுத்ததென்றால் நார்தான்.

இடியப்பம் அவிக்கும் சட்டியில் தண்ணீர் கொதித்தபின் முதலில் பூசணியும் கரட்டும் போகட்டும். நான்கு நிமிடத்துக்குப் பிறகு பயிற்றங்காயைச் சேர்த்து இன்னும் நான்கு நிமிடம். ஈர்க்கால் குத்தினால் இறங்கவேண்டும், ஆனால் தானாக உடையக்கூடாது. உடனே ஒரு அகலத் தட்டில் பரப்பிவிடுங்கள். குவித்து மூடி வைத்தால் தன் ஆவியிலேயே மேலும் வெந்து, பயிற்றங்காய் பச்சை மாறிப் பழுப்பேறும்.

பிரட்டுவதை மீன் பொரிக்கும் நேரத்துக்குச் சற்று முன் தொடங்கலாம். தாச்சியில் ஒரு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெய், அரைத் தேக்கரண்டி கடுகு, அது வெடித்ததும் அரைத் தேக்கரண்டி நற்சீரகம், ஒரு நெட்டு கறிவேப்பிலை. வெங்காயம் போட்டு மூன்று நிமிடம், நீளமாக வெட்டிய கறிமிளகாய் ஒரு நிமிடம், பிறகு அவித்த மரக்கறியும் அரைத் தேக்கரண்டி உப்பும். நெருப்பைக் கூட்டி இரண்டு நிமிடம் தாச்சியைக் குலுக்குங்கள், அகப்பையால் கிண்டினால் பூசணி போச்சு. ஒரு பிடி முருங்கையிலை இருந்தால் இறக்கும்போது தூவலாம், அடுப்பு அணைந்த சூட்டிலேயே வதங்கும்.

சோற்றுக்குப் பதிலாகக் கிழங்கு வைக்க நினைத்தால் உருளைக்கிழங்கை அவித்துக்கொள்ளுங்கள். அவித்த மரவள்ளியும் ருசிதான். ஆனால் பாகில் இஞ்சி இருக்கிறது, மரவள்ளியோடு இஞ்சி கூடாதென்று வீட்டுப் பெரியவர்கள் யாராவது ஒருவர் தட்டைப் பார்த்தவுடன் சொல்லத்தான் போகிறார்கள். அந்த வழக்கைச் சாப்பாட்டு மேசையில் தீர்க்க முடியாது.

பொரித்தல்

இதற்குக் குழிந்த தாச்சி சரிவராது. துண்டுகள் சரிந்து நடுவில் குவியும், ஓரம் வேகாது. தட்டையான அடியுள்ள தாச்சி, இல்லையென்றால் விளிம்புள்ள தோசைக்கல். நொன்ஸ்டிக் இருந்தால் புதிதாகச் செய்பவர்களுக்கு அதுவே வசதி.

உப்பிட்ட மீனைத் திரும்பவும் துணியால் ஒற்றுங்கள். உப்பு வெளியே இழுத்த தண்ணீர் மேலே நிற்கும், அது எண்ணெயில் விழுந்தால் தெறிக்கும், சூட்டைக் குறைக்கும், துண்டைத் தாச்சியோடு ஒட்டவைக்கும். ஒற்றியபின் இரண்டு மேசைக்கரண்டி அரிசிமாவைத் தட்டில் பரப்பி, துண்டுகளை இரண்டு பக்கமும் அமத்தி எடுத்து, தட்டி உதறுங்கள். மெல்லிய படலம் போதும். இந்த மாப்படலம் இரண்டு வேலை செய்கிறது: மிச்ச ஈரத்தைப் பிடிக்கிறது, பிறகு பாகு வழிந்தோடாமல் பற்றிக்கொள்ளச் சொரசொரப்பும் தருகிறது. மாப்பூசிய மீனைக் காத்திருக்க வைக்கவேண்டாம், பத்து நிமிடத்தில் மா கசிந்து பசையாகிவிடும்.

மூன்று மேசைக்கரண்டி தேங்காயெண்ணெய். ஒரு கறிவேப்பிலையைப் போட்டால் உடனே சடசடக்கவேண்டும், எண்ணெய் புகைந்தால் சூடு மிஞ்சிவிட்டது. துண்டுகளை நெருக்காமல் வையுங்கள். நான்கு துண்டு தாராளமாகப் பிடிக்காவிட்டால் இரண்டு தரமாகப் பொரியுங்கள். வைத்தபின் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். மூன்றரை நிமிடம் அசைக்கக்கூடாது. பொன்னிறத் தோடு கட்டியதும் துண்டு தானாகவே தாச்சியை விடும். தட்டகப்பையை ஓரத்தால் நுழைத்துப் பார்த்து, ஒட்டினால் இன்னும் அரை நிமிடம் விடுங்கள், வலிந்து கிளப்பினால் தோடு தாச்சியில் நிற்கும், மீன் கையில் வரும். திருப்புவது ஒரே ஒரு தரம். மற்றப் பக்கம் இரண்டரை நிமிடம்.

கத்தி நுனியை நடுமுள்ளுக்குப் பக்கத்தில் விட்டு மெல்ல விலக்கிப் பாருங்கள். சதை வெள்ளையாகி, முள்ளோடு மட்டும் சற்றுக் கண்ணாடிபோல் ஒட்டி நின்றால் எடுக்கவேண்டிய நேரம் அதுதான். மிச்சம் பாகில் வேகும். இப்போதே முழுக்க வெந்துவிட்டால் பாகில் இரண்டு நிமிடம் கிடந்ததும் சக்கையாகும். துண்டின் பக்கங்களில் வெள்ளைப் பால்போல் கசிந்து உறைந்திருந்தால் சூடு கூடிவிட்டது என்று அர்த்தம், அடுத்த தரத்துக்கு நெருப்பைக் குறையுங்கள். சூட்டுமானி வைத்திருப்பவர்களுக்கு: இப்போது 57 அல்லது 58 பாகை செல்சியஸ், பாகுக்குப் பின் 63.

மீனை எடுத்து வைத்து, தாச்சியின் எண்ணெயை வடித்துவிட்டு, கருகிய மாவைத் துடையுங்கள். நெருப்பை நன்றாகக் குறைத்து, காய்ச்சிய பாகை ஊற்றுங்கள். ஓரங்களில் மெல்லக் கொதி வந்ததும் துண்டுகளை அடுக்கி, தாச்சியைச் சரித்து, கரண்டியால் பாகை அள்ளி அள்ளி மேலே விடுங்கள். ஒரு பக்கம் 45 விநாடி, திருப்பி இன்னொரு 45 விநாடி. பாகு துண்டின் தோட்டில் ஊறி, முதலில் கண்ணாடிபோல் வழிந்து, பிறகு வழியாமல் நிற்கத் தொடங்கும். நின்றவுடன் அடுப்பை அணைத்துத் தேசிக்காய்ச் சாற்றைத் தெளியுங்கள். பனங்கட்டி மணம் கருகல் மணமாகத் திரும்புவதற்கு இங்கே அரை நிமிடம்கூட எடுக்காது. மூக்கில் சந்தேகம் தட்டினால் தாச்சியையே தூக்கிவிடுங்கள்.

சோற்றுக்கு ஈரம்

பாகு மீனில் குழம்பு இல்லை. சிவப்பரிசிச் சோற்றோடு மரக்கறியும் இதுவும் மட்டும் என்றால் தொண்டையில் நிற்கும். ஒரு மெல்லிய பால்சொதி வைத்துக்கொள்ளுங்கள்: தேங்காயின் இரண்டாம் பால் 300 மில்லிலீற்றர், வெங்காயம் ஐந்தாறு, பச்சைமிளகாய் 3, வெந்தயம் கால் தேக்கரண்டி, மஞ்சள் ஒரு சிட்டிகை, கறிவேப்பிலை, உப்பு. வெங்காயம் வெந்ததும் முதற்பால் 100 மில்லிலீற்றர் விட்டு, ஒரு கொதி எழும்ப முன் இறக்கி, இறக்கியபின் தேசிக்காய் விடுங்கள். அடுப்பில் இருக்கும்போது விட்டால் பால் திரளும். மீன் தலை இருக்கிறதே, அதை இந்தச் சொதியிலேயே போடலாமே என்று தோன்றும். போட்டால் அது தனிக்கறியாகி, பாகு மீனை யாரும் கவனிக்கமாட்டார்கள். தலையை நாளைக்கு வையுங்கள்.

எங்கே பிசகும்

பாகு கசந்தால் திருத்த வழியில்லை. இன்னும் பனங்கட்டி போட்டு மறைக்கப் பார்ப்பது மீனையும் சேர்த்துக் கெடுக்கும், கொட்டிவிட்டுப் புதிதாகக் காய்ச்சுங்கள், எட்டு நிமிட வேலைதான். பாகு மணல்போல் நறநறத்தால், புளியை விட்டுவிட்டுப் பனங்கட்டியை மட்டும் காய்ச்சி, புளியைப் பிந்திச் சேர்த்திருப்பீர்கள். புளிப்பு முதலிலிருந்தே கூட இருந்தால்தான் இனிப்பு மணிமணியாய்க் கட்டாது. மீன்மேல் நிற்காமல் தட்டில் தண்ணியாக ஓடினால் இரண்டு காரணம்: பதம் வரமுன் இறக்கியது, அல்லது மீன் ஈரம். தோடு மெதுமெதுத்துப் போனால் பாகில் கூடுதல் நேரம் கிடந்திருக்கிறது, அல்லது பரிமாறும்வரை மூடி வைத்திருக்கிறீர்கள். பாகு பூசிய மீனை மூடக்கூடாது. ஆட்கள் இருந்தபின் பூசுவதே வழி. மீனைப் பொரித்து, பாகைக் காய்ச்சி, இரண்டையும் தனித்தனியே அரை மணிவரை வைக்கலாம்.

கனடாவிலோ லண்டனிலோ சமைப்பவர்கள் சல்மன் துண்டில் செய்யலாம். தோல் கீழேயிருக்க, 200 பாகை செல்சியஸ் அவனில் எட்டு நிமிடம் வெறுமனே, பிறகு பாகு தடவி மூன்று நிமிடம். அங்கேயும் பாகு கடைசிதான். சல்மனில் கொழுப்பு அதிகம் என்பதால் புளியைச் சற்றுக் கூட்டலாம்.

மிச்சம் இருந்தால் அன்றைக்கே பிரிட்ஜில். மறுநாள் தாச்சியில் ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் விட்டு மெல்லிய நெருப்பில் சூடாக்குங்கள், மைக்ரோவேவில் பாகு ஒரு மூலையில் கொதித்துக் கருகும், மீன் நடுவில் குளிராகவே கிடக்கும். அதைவிட நல்லது முள் எடுத்து உதிர்த்து, பச்சை வெங்காயமும் தேசிக்காயும் சேர்த்து ரோஸ்பாணுக்குள் வைப்பது.

தாச்சியில் இறுகிய பாகைச் சுரண்டவேண்டாம். சுடுதண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் வைத்தால் தானே கரைந்துவிடும். மச்சத்துக்கென்று தனித் தாச்சி வைத்திருக்கும் வீட்டில், தோசைக்கல்லில் பொரித்திருந்தால், அடுத்த வெள்ளிக்கிழமைக்கு முன் புளியும் சாம்பலும் போட்டு நன்றாகத் தேய்த்துவிடுங்கள்.